சேர்மானம்

மார்செய் துறைமுகத்தில் வாங்கியதாம்.
லுங்கியில் சுருட்டி, லுங்கியைப் பெட்டியில் வைத்து
பாம்பன் தெற்குவாடி வரைக்கும் உடையாமல் கொண்டுவந்துவிட்டான்
கப்பலில் சமைக்கும் என் கொழுந்தன் பெர்க்மான்ஸ்.
"மதினி, நாக்கு உங்களுக்குத்தான் இருக்கு.
இது எதோட சேரும், சொல்லுங்க."

தடைக்காலம், முப்பத்தெட்டாம் நாள்.
விசைப்படகுகள் மூக்கணாங்கயிறு போட்ட மாடாய்
அலைக்குத் தலையாட்டி நிற்கின்றன.
என் சாப்பாட்டுக்கடையின் ஆறு பெஞ்சிலும்
கச்சான் காற்றுதான் உட்கார்ந்து எழுந்து போகிறது.

குப்பியின் முதுகில் விரல் வைத்து வாசித்தான்:
கிரெனாஷ், சிரா, மூர்வேத்ர்.
மூன்று திராட்சை, ஒரே குப்பி.
ஒன்று பழம், ஒன்று மிளகு,
மூன்றாவது வெயிலில் கிடந்த தோல்வார்.
அதற்கு மேல் அவன் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை.
எனக்கு அது விளங்கிவிட்டது.
மணத்துக்குக் குண்டு மிளகாய்,
உறைப்புக்கு நீட்டு மிளகாய்,
கொஞ்சம் வெளியூர் மிளகாய் நிறத்துக்கு என்று
நானும் பத்தொன்பது வருடமாய் அதைத்தானே இடிக்கிறேன்.

தக்கையைப் பிடுங்க ஆயுதம் இல்லை.
மிஷின் பார்க்கும் அந்தோணிப்பிச்சை
எஞ்சின் திருகாணி ஒன்றை இறக்கி
குறடால் இழுத்தான், பல் பிடுங்குவது மாதிரி.
"ஒரு மணி நேரம் மூச்சு வாங்க விடணும்" என்றான் பெர்க்மான்ஸ்.
இந்த வெக்கையிலா?
தண்ணீர்ப்பானைக்கு அடியில் நனைந்த மணலில்
கழுத்தளவு புதைத்து வைத்தேன்.

முதலில் நகரை.
நாட்டுப்படகில் வந்தது, செக்கச்செவேலென்று பொரித்தது.
சிவப்புக்குச் சிவப்பு சேரும் என்று நினைத்தேன்.
ஒரு துண்டு மீன், ஒரு மடக்கு ஒயின்,
துருப்பிடித்த நங்கூரத்தை நக்கியது போல்
வாயெல்லாம் இரும்பு.

பிறகு நண்டு. குண்டு மிளகாய் அரைத்து ஊற்றியது.
அதுவும் இதுவும் தொண்டையில் சந்தித்த இடத்தில்
டீசலில் தீக்குச்சி விழுந்தது.
கருவாட்டைப் பற்றிக் கேட்காதீர்கள்.

என் வீட்டுக்காரர் சவேரியான்
தடைக்காலத்தில் பேச்சையும் சிக்கனம் பண்ணுகிறவர்.
டம்ளரைக் கீழே வைத்துவிட்டு,
"நாவப்பழம் தின்னா நாக்கு இழுக்குமே, அது" என்றார்.
அவ்வளவுதான்.
அந்த இழுப்புக்கு என்ன வேண்டும் என்று
எனக்குக் கை அரித்தது.

உச்சிப்புளிக்கு பஸ் ஏறி
அரைக் கிலோ ஆட்டு விலா, கொழுப்போடு.
கடனுக்குத்தான்.
மிளகாய்ச் சட்டியைத் தொடவில்லை.
மிளகு, உப்பு, நசுக்கிய சின்ன வெங்காயம்,
தேங்காய் மட்டைத் தணலில் சாயங்காலம் முழுக்க.
பக்கத்தில் ஒரு கத்தரிக்காய், தோல் கருகும்வரை சுட்டு
நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தது.

கொழுப்பு நாக்கில் பரவியது.
பின்னால் ஒயின் வந்தது,
இழுப்பு இளகி, பழம் முன்னால் வந்து,
தணலின் புகையோடு போய்
வாய்க்குள் எங்கோ உட்கார்ந்துகொண்டது.
பாலத்தின் மேல் ரயில் இல்லை, கடலில் ஒரு விளக்கு இல்லை.
நாலு பேரும் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தோம்.

"அப்ப, எந்த மீனோட சேரும்?" பெர்க்மான்ஸ் விடவில்லை.
எதோடும் இல்லை, தம்பி.
இது கடல் மூடிக்கிடக்கிற நாளில் குடிக்கிறது.

மிச்சம் இருந்தது நாலாம் நாள் புளித்தது.
அதையும் விடவில்லை, கறியில் ஊற்றினேன்.
படகுகள் போய் வந்துவிட்டன. பெஞ்சில் இடமில்லை.
குப்பியில் இப்போது நல்லெண்ணெய்,
பிரெஞ்சு எழுத்தெல்லாம் பிசுக்கேறிப் பாதி தெரிகிறது.

சீலாவைக் கல்லில் போடும்போது மட்டும்
அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்.
பழைய பகை.