நான்கு மணி வரை

இரண்டு லிட்டர் தண்ணீர் குடியுங்கள், நன்றாக நடங்கள்,
நான்கு மணிக்கு வாருங்கள் என்றார் டாக்டர்.
இத்ரீஸின் இடது சிறுநீரகத்தில் ஒரு கல்.
ஹுவடு அட்டோலிலிருந்து ஒரு பகலும் ஓர் இரவும் படகு.
கையில் ஆறு மணி நேரம், இரண்டு பாட்டில்.
முப்பது வருடத்தில் மாலேவுக்கு ஒன்பது முறை வந்திருக்கிறோம்,
ஒன்பதும் ஏதாவதொரு கவுண்டர் முன்னால் கழிந்தது.
சரி, இன்றைக்குச் சுற்றிப் பார்ப்போம் என்றேன்.

வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல்.
கூர்முனை என்றால் ஆண், வளைந்த தலை என்றால் பெண் என்று
வெயிலில் சிவந்த வெளிநாட்டுக்காரர்களுக்குக்
கல்லறைகளைக் காட்டிக்கொண்டிருந்தான் ஒரு பையன்.
நாங்கள் இலவசமாகக் கேட்டுக்கொண்டோம்.
மணலில் சாய்ந்து நின்ற ஒரு வளைந்த தலையில்
யாரென்று எழுதியிருந்தது,
எனக்கு வாசிக்கத் தெரியாத பழைய எழுத்தில்.

சுவரில் சாந்து இல்லை.
கல்லின் நாக்கு கல்லின் வாய்க்குள்.
இத்ரீஸ் கன்னத்தை ஒட்டிப் பார்த்தான்.
"ஹிரிகா. கடலுக்குள்ளே மெத்தென்று இருக்கும்,
காற்றுப் பட்டபிறகுதான் பிடிவாதம்."
இடுப்பைத் தட்டிக்கொண்டான்:
"இதற்குக் காற்றே படவில்லை, என்ன திமிர் பார்."
சிரித்துவிட்டேன்.
வளைந்த தலைக்காரிகள் ஒருத்தியும் அதட்டவில்லை.

உள்ளே கம்பளத்தின் கோடுகள்
சுவருக்குக் கோணலாக ஓடுகின்றன.
கட்டடம் பார்ப்பது சூரியன் விழும் பக்கம்,
தொழுபவர் பார்ப்பது மக்காவை.
அதற்கு முன்னால் இங்கே வேறொன்று இருந்ததாம்;
பையன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்,
அஸ்திவாரத்துக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல்.
முந்நூற்றைம்பது வருடமாகக் கட்டடத்தோடு சண்டை போடாமல்
விரிப்பை மட்டும் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.
எங்கள் கல்யாணமும் ஏறக்குறைய அப்படித்தான்.

அருங்காட்சியகத்தில் கழிப்பறை எங்கே என்று கேட்டு
சுல்தான்களின் செருப்புகளைத் தாண்டி ஓடினான்.
நான் அரியாசனத்தின் முன் நின்றேன்.
எவ்வளவு சின்ன மனிதர்கள்!
என் மருமகன் ஷாஹீன் உட்கார்ந்தால் கைப்பிடி விரியும்.
அடுத்த கண்ணாடிப் பெட்டியில் ஒன்றுமே இல்லை,
விளக்கு மட்டும் எரிந்தது.
காவலாளியைப் பார்த்தேன்.
அவர் விளக்கைப் பார்த்தார்.

சுனாமி நினைவுச்சின்னத்துக்குப் போனபோது உச்சி வெயில்.
எஃகு உருண்டை ஒவ்வொன்றும் ஓர் அட்டோல்,
கம்பிகள் போனவர்கள்.
எங்களுடையது எது என்று
ஸ்கூட்டரில் சாய்ந்திருந்த பெண்ணைக் கேட்டேன்.
"எது பிடிக்கிறதோ அது," என்றாள் போனிலிருந்து தலை தூக்காமல்.
அன்றைக்கு எங்கள் அரிசி டிரம் தெருவில் நீந்தியது,
மூடிமேல் பூனை, உயிரோடு.
அதற்கு இங்கே கம்பி இல்லை. நல்லது.
கீழிருந்து மூன்றாவது உருண்டையை எடுத்துக்கொண்டோம்.

திரும்பும் வழியில் வந்தது வலி.
ஒரு வெள்ளைச் சுவரின் நிழலில் மடங்கி உட்கார்ந்தான்.
முப்பது கிலோ சூரையை ஒற்றைக் கையால் ஏற்றுகிறவன்
என் முழங்காலைப் பிடித்திருந்தான்.
அவன் வேறெதையாவது நினைக்கட்டும் என்று
"முன்னாருவை இன்னும் பார்க்கவில்லையே," என்றேன்.
பதில் இல்லை.
ஒரு மோட்டார் சைக்கிள் போனது, இன்னொன்று போனது.
வியர்வை அடங்கியதும் தலையைச் சுவரில் சாய்த்து
அண்ணாந்தான்.
மேலே நீலப் பட்டை, அதில் எழுத்து, அதற்கும் மேலே வானம்.
இவ்வளவு நேரமும் அதன் காலடியில்தான் இருந்திருக்கிறோம்.

நான்கு மணிக்குத் திரையில் கல் தெரிந்தது,
அரிசி அளவு, வெள்ளையாக,
தனக்கென்று ஒரு நிழலும் வைத்துக்கொண்டு.
தானாக வந்துவிடும், தண்ணீரை விடாதீர்கள் என்றார் டாக்டர்.
"கூர்முனையா, வளைந்த தலையா?" என்று கேட்டான் இத்ரீஸ்.
டாக்டர் என்னைப் பார்த்தார்.
நான் இரண்டாவது பாட்டிலைத் திறந்தேன்.