நீலச் சட்டை

மலாட் மேற்கில், போன் ரிப்பேர் கடைக்கு மேலே
ஏணி மாதிரி ஒரு மாடிப்படி.
ஏறினால் ஏ.சி. உண்டு, ஜன்னல் இல்லை.
லோக்கல் போவது மேஜை அதிர்வதில் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்து பதினோராம் நாள்.
சி அடித்தால் கத்தி, வி அடித்தால் வெறும் அம்பு.
கையில் கத்தி இருப்பதை மறந்து
தொட்ட இடமெல்லாம்
வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.
பக்கத்து நாற்காலி ப்ரணிதா காம்ப்ளே,
என்னைவிட ஒன்பது வயது சின்னவள்,
திரும்பாமலே சொல்வாள்: "கன்ட்ரோல் இசட், தாயி."
அவள் பாஷையில் தாயி என்றால் அக்கா.
அடித்தேன். எல்லாம் ஒட்டிக்கொண்டன.
ஒரு தழும்புகூட இல்லை.
அதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

பழகுவதற்கு ஒரு கல்யாணம் கொடுத்தார்கள்.
டோம்பிவிலி மண்டபம், நாலு கேமரா, ஒன்பது மணி நேரம்.
கூடவே பெண் வீட்டிலிருந்து ஒரு வரி:
நீலச் சட்டைக்காரரை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடவும்.
காரணம் எழுதவில்லை.
அட்வான்ஸ் வந்துவிட்டது.

எல்லா இடத்திலும் இருந்தார்.
ஐஸ் பெட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு.
அவிழ்ந்த தோரணத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு.
யார் குழந்தையோ தோளில் தூங்க
அந்தத் தோள் அசையாமல்
ஒற்றைக் கையால் பூரி தின்றுகொண்டு.

சும்மா அழித்தால் அந்த இடம்
கறுப்பாகக் காலியாகக் கிடக்கும்.
ஷிஃப்டோடு அழித்தால்
பின்னால் இருப்பதெல்லாம் நகர்ந்து வந்து மூடிக்கொள்ளும்.
ரிப்பிள் என்று பெயர், குளத்து அலை.
இங்கே கல்லைத்தான் எடுக்கிறோம்,
அதற்கும் அலை என்றுதான் சொல்கிறார்கள்.

இமைக்கும் நேரத்துக்கு ஏழெட்டு ஃப்ரேம்.
அவர் இமைத்த ஃப்ரேம்களையும் எடுத்தேன்.

பந்தியில் அவர் ஒரு ஜோக் சொல்கிறார்.
ஜோக்கை வெட்டினேன்.
சிரித்த முகங்கள் மிஞ்சின:
இலையைப் பார்த்து, ஒன்றுமில்லாததற்கு
வயிறு குலுங்கச் சிரிக்கும் ஒரு குடும்பம்.
அப்படியே விட்டேன். கல்யாணம்தானே.

மாட்டிக்கொண்டது வெள்ளைத் துணியில்.
பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே
அட்சதை விழும்வரை பிடிக்கிற துணி.
ஒரு முனை அவரிடம்.
நாலு கேமராவிலும் அவரிடம்.
படத்தைப் பெரிதாக்கினேன், நூற்று முப்பது சதவீதம்,
முகம் வெளியே போனது, சட்டை போனது.
நூற்று ஐம்பது. மணி பொடியாக உதிர்ந்தது படம்.
அப்போதும் ஓரத்தில் நாலு விரல்,
ஒரு வெள்ளி மோதிரம்.

வாங்கிப்போக மணப்பெண்ணே வந்தாள்,
மழையில் நனைந்த ஹெல்மெட்டோடு.
என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள்.
துணி வந்ததும், "நிறுத்துங்க" என்றாள்.
ஸ்பேஸ் அடித்தேன்.
"இந்தக் கையை எடுக்க முடியாதா?"
எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் சொன்னேன்:
"எடுத்தா துணி கீழே விழுந்துடும்."
ஹெல்மெட்டிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.
பாக்கி எவ்வளவு என்று கேட்டாள்.

முப்பது நாளில் மூலத்தை அழிப்பது கடை வழக்கம்.
இன்று இருபத்தெட்டு.
வெட்டியதையெல்லாம் ஒரு பின்னில் போட்டு வைத்திருக்கிறேன்,
நீலம் என்று பெயர்.
பதினாலு ஜிபி. என் பென் டிரைவ் எட்டு.
ஜோக்கின் சத்தம் மட்டும் என்றால் நாலு எம்பி.

தாதரில் வண்டி மாறும்போது காதில் போட்டுக் கேட்டேன்.
மராத்தி. வேகமாகச் சொல்கிறார்.
பாதிக்கு மேல் புரியவில்லை.
எங்கே சிரிக்கவேண்டும் என்பது மட்டும்
ஃப்ரேம் பிசகாமல் தெரியும்.