ஆல்டிஹைடோடு நிறுத்து

ஞாயிறு இரவு யாரோ சன்னலைத் திறந்து போட்டிருக்கிறார்கள்.
திங்கள் காலை
டைமெத்தில் சல்ஃபாக்சைடு புட்டியைக் கவிழ்த்தேன்,
ஒரு சொட்டும் விழவில்லை.
பதினெட்டரை டிகிரிக்குக் கீழே அது கல்லாய்ச் சமைந்துவிடும்.
ரெய்க்யவிக்கில் பதினெட்டரை டிகிரி என்பது
கோடைக்கால வதந்தி.

சுடுநீர்க் குழாயடியில் பிடித்தேன்.
எங்கள் ஊர்ச் சுடுநீர் பூமியின் வயிற்றிலிருந்து வருவது,
அழுகிய முட்டை வாடை அதற்கு.
உள்ளே ஒரு கந்தகம், வெளியே ஒரு கந்தகம்,
இடையில் கண்ணாடி.
ஓரத்திலிருந்து மெல்ல இளகியது.

காட்டில் வழி தவறினால் எழுந்து நில்,
இது எங்கள் பழைய நகைச்சுவை.
முழங்காலுக்கு மேல் மரம் வளராத தேசம்.
இந்தப் புட்டியோ ஒரு காடு:
எங்கோ ஒரு காகித ஆலையில்
மரக்கூழ் காய்ச்சி மிஞ்சிய கருஞ்சாற்றிலிருந்து
வடிந்து வந்தது.

கையுறையில் ஊசிமுனைத் துளை.
விரலில் பட்டது; சற்று நேரத்தில் நாவில் பூண்டு.
நான் தின்னவில்லை, என் ரத்தம் தின்றது.
தோலில் கதவு எங்கே என்று அதற்குத் தெரியும்.
தனியே வந்தாலும் பரவாயில்லை,
தன்னில் கரைந்த எதையும் கைபிடித்துக் கூட்டிவரும்.
உறையை மாற்றினேன்.

பெர்கூர் அசிட்டோனில் உலர்பனி கொட்டினான்.
மைனஸ் எழுபத்தெட்டு.
முதலில் ஆக்சாலில் குளோரைடு.
பிறகு இது, சொட்டு, சொட்டு,
அவசரப்பட்டால் வெடிக்கும்.
இந்தக் குளிரில் மட்டும்
குமிழி விட்டு, முனகி,
தன் ஆக்சிஜனை விட்டுக்கொடுக்கும்.

அடுத்து ஆல்கஹால்.
முந்நூறு மில்லிகிராம், நான்கு மாத உழைப்பு.
போன முறை குரோமியம் போட்டோம்.
அது ஆல்டிஹைடைத் தாண்டி
அமிலத்தில் போய் முட்டிக்கொண்டுதான் நின்றது.

"என் கல்லீரலும் அப்படித்தான்," என்றான் பெர்கூர்,
"வழியில் இறங்கத் தெரியாது."
அவன் குடியை விட்டுப் பதினோரு மாதம்.
நான் வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கந்தகம் பிடிக்கும்;
இரண்டு ஹைட்ரஜன் உதிரும்;
கந்தகம் விடும்.
கொடுத்து மாற்றுவதில்லை, இழக்கவைத்து மாற்றுகிறது.
காரத்தை ஊற்றினோம். வெள்ளையாய் உப்பு இறங்கியது.
அதோடு அந்த நாற்றமும்,
வெந்த முட்டைக்கோஸ், வற்றின கடல்,
இரண்டுக்கும் நடுவில் ஏதோ.

பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண்
இறங்குவது போல எழுந்து
பின்னால் போய் உட்கார்ந்தாள்.
ஹ்லோத்வெர் கதவிலேயே கையை நீட்டினான்:
"கோட்டு மாடத்தில் இருக்கட்டும்."

ஃபுல்மார் பறவை இந்த வாசத்தைத்தான் தொடருமாம்,
பெர்கூர் சொல்லியிருக்கிறான், வெஸ்ட்மன் தீவுக்காரன்.
கடல் நுண்பாசியைக் கூனிகள் மேயும்போது
இதே டைமெத்தில் சல்ஃபைடு காற்றில் ஏறும்.
மூக்கை நம்பி மைல் கணக்கில் பறந்து வரும்.
இரவு இரண்டு முறை எழுந்து மாடத்தைப் பார்த்தேன்.
பறவை ஏதும் வரவில்லை.
மழை வந்தது, கோட்டு நனைந்தது.

மறுநாள் குடுவைகளை வெளுப்புநீரில் ஊறவைத்தோம்.
நாற்றம் போயிற்று.
இழந்த ஆக்சிஜனைத் திரும்ப வாங்கிக்கொண்டு
பழைய ஆளாகவே ஆகிவிடுகிறது அது,
வடிகாலில், யாரும் பார்க்காமல்.

நிறமாலை வந்தது.
ஒன்பது புள்ளி ஏழில் சிறு முளை: ஆல்டிஹைடு.
அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு.
பெர்கூர் அந்த வெறும் கோட்டை
விரலால் தடவிக்கொண்டே நின்றான்.

"சன்னலைத் திறந்தது நான்தான்," என்றான் பிறகு.
"ஞாயிறு இரவு இங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.
வீட்டில் இருந்தால் குடித்திருப்பேன்.
மூச்சு முட்டியது."

புட்டியை எடுத்து அலமாரியில் வைத்தேன்,
சன்னலுக்குத் தள்ளி, வெந்நீர்க் குழாய் ஓடும் சுவரோரம்.
அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டேன்.