இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில்

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள்.
ஃப்ரிட்ஜ் என்று சொல்வது பழக்கத்தில்;
உள்ளே குளிர் இல்லை, கம்ப்ரசரைத்
தம்பி போன மாசியில் கழற்றி விற்றுவிட்டான்.
அரிசி வைக்கிறோம். எலி ஏறாது.

தாளில் கிழமைகள், பக்கத்தில் பெயர்கள்.
திங்கள் ஜுனைதீன் நானா, ஓட்டோவைப் பூட்டிவிட்டு.
செவ்வாய் மூன்றாம் மாடிச் சந்திரலதா;
அவளுடைய மகனை யாரும் இப்படி நடத்திக் கூட்டிப்போகவில்லை
என்பதால் வருகிறாள்.
அதற்குமேல் சொல்லமாட்டாள்.
புதன் பேக்கரி அந்தோனிமுத்து, வேலைக்குப் போகும் வழியில்.
மிச்ச நாலும் நான்.

இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில்
அவன் எலும்புக்குள் யாரோ கதவு தட்டுகிறார்களாம்.
அப்போது அறைக்குள் இருக்கக்கூடாது, நடக்க வேண்டும்.
கிளினிக்கில் சொல்லித் தந்ததில்லை இது,
மூன்றாம் இரவு தற்செயலாகக் கண்டுபிடித்தது:
ஜம்பட்டா வீதி முடியும்வரை நடந்தவன்
திரும்பி வந்து ஒரு பீங்கான் சோறு தின்றான்.

லிஃப்ட் ஓடாது. ஏழு மாடி இறக்கம்.
கொச்சிக்கடைப் பக்கம் போனால் கடல் வாடை,
மூடிய மெழுகுதிரிக் கடைகள்.
சில இரவு கதைப்பான், பெரும்பாலும் திட்டுவான்:
என்னை, மாதாவை, வெயிலை.
நடுச்சாமத்தில் வெயிலை.
தூள் விற்கிற பொடியன் விளக்குக் கம்பத்தடியில் நிற்பான்,
இவனோடு ஒரே வகுப்பு,
பெயர் சொல்லிக் கூப்பிடுவான்.
நாங்கள் வீதியைக் கடந்து மறுபக்கத்தால் போவோம்.

நாய்களுக்கு எங்களைத் தெரிந்துவிட்டது.
பொலிஸுக்குத் தெரிய இரண்டு கிழமை எடுத்தது.
டோர்ச் முகத்தில் அடிக்க, இவன் அடையாள அட்டையைத் தேட,
ஜுனைதீன் நானா குறுக்கே வந்து நின்று
"அபே ளமயா, சேர்" என்றார்.
எங்கட பிள்ளை.
எந்த எங்கட என்று அவர்கள் கேட்கவில்லை.

பங்குனியில் ஒரு செவ்வாய், ஐந்துலாம்புச் சந்தியில்
சந்திரலதாவைத் தள்ளிவிட்டு ஓடினான்.
மூன்று நாள்.
வந்தபோது ஒரு கால் செருப்பு இல்லை.
தாளின் மூலையில் நாற்பத்தொன்று என்றிருந்ததை
அம்மா ரப்பரால் அழித்து
ஒன்று என்று எழுதினாள்.
அந்த இடத்தில் தாள் மெலிந்துபோய்விட்டது.
அடுத்த செவ்வாய் இரண்டு மணிக்கு
முழங்காலில் பிளாஸ்டரோடு வாசலில் சந்திரலதா.
"யமு புத்தே."

அப்பாவின் பெயர் தாளில் இல்லை.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனுஷன்,
முப்பது தொன்னைத் தீப்பெட்டிபோல் இறக்கிவைப்பார்.
இவனோடு பேசி ஒரு வருஷம்.
இவன் சாப்பிட வந்தால் பேப்பரைத் தூக்கிப் பிடிப்பார்,
தலைகீழாகவும் பிடித்திருக்கிறார்.

போன கிளினிக்கில் தாதி அவனிடம் எல்லாம் கேட்டாள்.
பிறகு பேனையை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி
தனக்குத் தெரிந்த தமிழில்
"நீங்க நித்திரை போறதா?"
எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை.
அது சிரிப்பில்லை என்று
தம்பிதான் முதலில் கண்டான்.

இன்று ஞாயிறு. என் பெயரின்மேல் ஒரு கோடு.
பக்கத்தில் நடுங்கிய எழுத்தில்:
அக்கா நித்திரை.

இரண்டு மணி. கதவு திறக்கிறது.
செருப்புச் சத்தம் படியிறங்குகிறது.
கொஞ்சம் பொறுத்து இன்னொரு சோடி,
பாரமான நடை, ஒரு மாடி இடைவெளி விட்டு.
பேச்சில்லை.
ஐந்தாம் மாடியில் ஒரு இருமல்.
முன்னால் போன சத்தம் நின்றது,
நின்றபடியே நின்றது,
பிறகு இரண்டும் கலந்து இறங்கின.

எனக்கு இன்னும் நித்திரை வரவில்லை.
கண்ணை மூடியிருக்கிறேன்,
அவ்வளவுதான்.