எனக்கும் தெரியாத சொல்

ஏழு வருடம் ஒரே சொல்.
ஜெறோம் அண்ணை வைத்தது:
மகளின் பெயர், ஒரு கீழ்க்கோடு, அவள் பிறந்த ஆண்டு.
கொட்பே மீனவர் சங்கத்தின் தராசும்
டீசல் கடனும் ஐஸ் கணக்கும்
அதைச் சொல்லித்தான் தரவுத்தளத்தின் கதவைத் தட்டின.
விசைப்பலகையின் அடியில் மஞ்சள் தாளில் அது இருந்தது,
மேலே ஒரு மீன் செதில் காய்ந்து ஒட்டியபடி.

ஜெறோம் அண்ணை டோஹா போனார்.
பின்னால் வந்த இரண்டு பேரும் போனார்கள்.
ஐஸ் உடைக்கிற பெடியனும் போனான், அவனுக்கும் தெரியும்.
மாமன்காரனின் கடனில்
நானூறு லீற்றரைக் கரைத்தது அவன்தானோ,
நான் எப்படிச் சொல்ல?
எல்லாரும் ஒரே பெயரில் உள்ளே வந்தால்
பதிவேடு யாரைக் காட்டும்?

ஆகவே எழுதினேன், கறுப்புத் திரையில், பதினெட்டு வரி.
மாதம் ஒருமுறை, பின்னிரவு இரண்டு மணிக்கு
பெட்டகத்திடம் கேள்: முப்பத்திரண்டு எழுத்தில்
யாருடைய மகளும் அல்லாத ஒரு சொல்.
தரவுத்தளத்தில் மாற்று.
பெட்டகத்தில் எழுது.
தராசுக்குச் சொல்.

போய்ப் படுத்தேன்.

மாற்று என்ற வரிக்கும் எழுது என்ற வரிக்கும் நடுவே
கரண்ட் போனது.
சேர்வருக்கு பற்றரி இருந்தது,
என் வரிகள் ஓடிய பெட்டிக்கு இல்லை.
புதிய சொல் அந்தப் பெட்டியின் நினைவில்
அரை வினாடி இருந்து
ஒரு மனிதக் கண்ணும் படாமல் அணைந்தது.
கதவிடம் மிஞ்சியதும் சொல் அல்ல,
சொல்லின் தழும்பு.
அதை வைத்துக்கொண்டு அது
வராத ஒருவருக்காகக் காவல் நின்றது.

நாலு மணிக்குப் பலநாள் படகுகள் வந்தன.
பஸ்லுல் போன் எடுத்தான்:
"அக்கா, தராசு எங்களை ஆரெண்டு கேக்குது."
சோதனைச்சாவடி வரிசையில் நின்ற ஒரு வயது
எனக்குள் சட்டென எழும்பி
அடையாள அட்டையைத் தேடிவிட்டு
மறுபடி உட்கார்ந்தது.

பஸ் நிலையத்தடியில் மான்கள் வீதியை மறித்துப் படுத்திருந்தன.
ஹோர்ன் அடித்தால் ஒன்று எழும்பும், இன்னொன்று படுக்கும்.
நான் போய்ச் சேர
புஷ்பராசா சம்மாட்டி
சூரை மீனின் எடையைக் காட்போட்டில் கிறுக்கிக்கொண்டிருந்தார்.
"என்ன பிள்ளை, உன்ர பெட்டிக்கு வாய் கட்டிப்போச்சோ?"
சேர்வரின் முன் நேரே குந்தி
உள்வாசலால் நுழைந்து திறந்துவிட்டேன்.
காட்போட்டை அவர் தரவில்லை,
அதுதான் உண்மைக் கணக்காம்.

பின்னேரம் வரிகளை இடம் மாற்றினேன்.
முதலில் பெட்டகத்தில் எழுது, இன்னும் நடப்புக்கு வரவில்லை என்ற குறிப்போடு.
பிறகு மாற்று.
புதியதைச் சொல்லி ஒருமுறை தட்டிப் பார்.
திறந்தால் மட்டும் பழையதை மற.
மறப்பது கடைசி வரியாகவே இருக்கட்டும்.

பெட்டகத்தின் சாவி எங்கே என்று கேட்காதீர்கள்.
சாவிக்குச் சாவி, அதற்கொரு சாவி என்று போனால்
முடிவில் ஒரு தாள்தான் வரும்.
அது தலைவரின் இரும்புப் பெட்டியில்
சங்கக் காணி உறுதிக்குக் கீழே கிடக்கிறது.
செதில் ஒட்டாதவரை சந்தோஷம்.

அடுத்த மாதம் இரண்டு மணிக்கு விழித்திருந்தேன்.
துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பலின் விளக்கு.
திரையில் ஒரேயொரு சொல்: சரி.

போன கிழமை ஜெறோம் அண்ணை எடுத்தார்,
பழைய சம்பளச் சிட்டை ஒன்று வேண்டுமாம்.
கதையோடு கதையாக,
"பாஸ்வேர்ட் இப்பவும் பிள்ளையின்ர பேர்தானோ?"
இல்லை அண்ணை.
"அப்ப என்ன?"
தெரியாது.
"எனக்குச் சொல்லமாட்டியோ?"
எனக்கே தெரியாதண்ணை.
டோஹாவில் அவர் கொஞ்சநேரம் பேசவில்லை.
பின் மெதுவாக,
"அவளுக்கு இந்த வருசம் ஓ எல் சோதினை" என்றார்.