அறுபது கிராம்

நாற்பத்தொரு வருடம் மாட்டுத் தொடை பிரித்த கை.
துண்டு பலகையில் விழுமுன்னே எடை சொல்லிவிடும்,
தராசு பின்னால் வந்து தலையாட்டும்.
டகுவரெம்போவில், பழைய ரயிலடிக்கு எதிரே
கடையை விற்றபோது வால்டெமார்
கொக்கியை விற்றார், குளிர்பெட்டியை விற்றார்,
தராசை விற்கவில்லை.

இப்போது அது சாப்பாட்டு மேசையில்,
உப்புக்கும் ரொட்டிக்கும் நடுவே.

மருத்துவர் எட்செகரை
ஒரே காலையில் ஒரே பேனாவால்
இரண்டு சீட்டு எழுதினார்.
வால்டெமாருக்கு: நாளுக்கு அறுபது கிராம் இறைச்சி, அதற்கு மேல் கூடாது.
நெல்வாவுக்கு: நாளுக்கு அறுபது கிராம் புரதம், அதற்குக் கீழ் கூடாது.

"ரெண்டும் அறுபதுதானே!
அவள் தட்டு மட்டும் ஏன் குன்று,
என் தட்டு ஏன் குழி?"

வியாழன்தோறும் போகிற செவிலி நான். விளக்கினேன்.
வெந்த இறைச்சியில் புரதம் கால்பங்குக்குச் சற்று மேல்.
மீதி கொழுப்பு கொஞ்சம், தண்ணீர் நிறைய.
"அப்படியென்றால் இத்தனை காலம்
தண்ணீரையா விற்றேன்?"
பெரும்பாலும், என்றேன்.
அன்று எனக்கு மாத்தே தரவில்லை.

அவருக்கு இருபது வருடச் சர்க்கரை.
சிறுநீரகம் கண் கிழிந்த சல்லடை;
உண்ட இறைச்சியின் கழிவைச் சலித்துச் சலித்து
மாலையானால் களைத்துவிடுகிறது.

அவளுக்கு வேறு கதை.
எழுபத்தொன்பது வயதில் தசைக்குக் காது மந்தம்.
இளமையில் ஒரு முட்டை கிசுகிசுத்தாலே
எழுந்து வேலைக்குப் போகும்.
இப்போது ஒவ்வொரு வேளையும்
உரக்கக் கூப்பிட வேண்டியிருக்கிறது.
கைப்பிடியைத் தொடாமல்
நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழச் சொன்னேன்.
இருபத்துமூன்று வினாடி.
ஐந்தாவது முறை, அவள் எழுந்தாளா
நான் தூக்கினேனா, தெரியாது.

செப்டம்பரில் அவர் யூரியா ஏறியது.
அவள் எடை இறங்கியது.
தராசு பொய் சொல்லாது, இருவரும் சத்தியம் செய்கிறார்கள்.
பிறகு கீரை இலையைத் தூக்கிப் பார்த்தேன்:
அவர் தட்டில், ஒளிந்துகொண்டு,
அவளுடைய துண்டு.

பெரியது அவருக்கு.
ஐம்பத்து நான்கு வருடமாக அவள் கைக்குத் தெரிந்த ஒரே கணக்கு.
சீட்டில் எழுதியா மாற்ற முடியும்?

"மெல்ல முடியவில்லை," என்றாள், சுவரைப் பார்த்து.

வால்டெமார் எதுவும் பேசவில்லை.
எழுந்து போய்க் கத்தியைத் தீட்டினார்.
காகிதம்போல் சீவினார், கொத்தினார், நரம்பை உருவி எறிந்தார்,
ஒரு முட்டை, ஒரு கை ரிகோட்டா, உருட்டிப் பொரித்தார்.
வாயில் போடாமல்
மூக்கால் மட்டும் ருசி பார்த்தார்.
அதற்குப் பிறகு தினமும்.

அவளும் தினமும்
இரண்டு கிலோ மாவுப் பையை மார்போடு அணைத்து
எழுந்தாள், உட்கார்ந்தாள், திட்டினாள், எழுந்தாள்.
ஊணை ஊனாக்க
வாய் மட்டும் போதாது, முழங்காலும் வேண்டும்.
பத்தொன்பது வினாடி. பதினாறு.

அவருக்குச் சர்க்கரை இறங்கியது.
இடைவாரில் இரண்டு துளை உள்ளே போனது.
ஆனால் கால்சட்டைக்குள் தொடை
காற்றில் ஆடுவதைப் பார்த்து அவரே பயந்தார்.
"நானும் கரைகிறேனா?"
என்னிடம் நேரான பதில் இல்லை.
கரையாமல் இருக்கவும் கொஞ்சம் வேண்டும்,
கெடாமல் இருக்கவும் கொஞ்சம் குறைய வேண்டும்;
மருத்துவர் மறுபடி நிறுப்பார், என்றேன்.
அதுவரை பருப்பு, அவரை, நடை.
பருப்பு என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நவம்பர் ஞாயிறு. மகன் ரூபன்
முழு விலா ஒன்றைத் தோளில் போட்டு வந்தான்.
கொரோனில்யா விறகு செங்கங்காகி
கொழுப்பு சொட்டச் சொட்டச் சீறியது.
அழைப்பின் பேரில் நானும் இருந்தேன்.
வால்டெமார் புகையை விழுங்கியபடி நின்றார்,
தம் அறுபதை முடித்துவிட்டார்.
பேச்சு கால்பந்துக்குப் போனது.
எல்லோர் கண்ணும் ரூபன் பக்கம்.
அவர் கை மெல்ல நீண்டது.

நெல்வா
கைப்பிடியைத் தொடாமல்
ஒரே வீச்சில் எழுந்து
அந்த எலும்பைப் பறித்தாள்.

நிறுத்தற்கடிகாரம் என் பையில் இருந்தது.
இரண்டு வினாடிகூட ஆகியிருக்காது.