துணைக்கால்

ஞாயிறு, மாலை நாலரை.
மில்லுக்குப் போன லாரி முக்கில் திரும்புகையில்
நாலைந்து செம்பனைப் பழங்களைச் சிந்திவிட்டுப் போயிற்று.
அதில் ஏறி வழுக்கியது கிஷாலினியின் சைக்கிள்.

அந்த லாரியை ஓட்டியவன் நானில்லை.
ஆனால் வலையை இழுத்துக் கட்டாமல்
நானும் அந்த முக்கில் திரும்பியிருக்கிறேன்,
எத்தனையோ தடவை.

ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அவள் அழவில்லை.
சில்லறையைத் தொலைத்தவள் மாதிரி
தாரைத் தடவிக்கொண்டிருந்தாள்.
உதடு கிழிந்து, சட்டையெல்லாம் ரத்தம்.
மேல்வரிசையின் நடுவே
ஒரு வாசல் திறந்து கிடந்தது.

பல்லை நான்தான் கண்டேன்.
இத்தனை நீளமா ஒரு பல்?
வெளியே பார்த்ததெல்லாம் பாதிதான் போலும்.
மண் ஒட்டிய வேரைச்
சட்டை நுனியில் துடைக்கப் போனேன்.

"தொதாதீங்கப்பா."
கடிபட்ட நாக்கில் ட வரவில்லை.
"வேரைத் தொதாதீங்க. பாலில போதுங்க."

போதும் என்கிறாள் என்று நினைத்து
அப்படியே நின்றுவிட்டேன்.
என்ன போதும்?
அவள் விரலால் காட்டினாள்: மேலே பிடி,
கடிக்கிற பக்கம்.
போன மாதம் பள்ளிக்கு வந்த பல் மிஸ்ஸி
ஒரு பிளாஸ்டிக் தாடையை வைத்துக்கொண்டு சொன்னாராம்,
மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளில்
யாரோ ஒருத்திக்காவது தேவைப்படும் என்று.

ஒட்டுக்கடை சிகாமணி ஓடிவந்தார்,
தே தாரேக்குக் கலக்கும் டின் பாலோடு.
கரண்டியை நட்டால் நிற்கும் பால்.
அவள் தலையை ஆட்டினாள்.
எதிர்வீட்டு காக் ரொஹாயா ஐஸ்பெட்டியைத் திறந்து
பேரனுக்கு வைத்திருந்த பெட்டிப் பாலை எடுத்துவந்தாள்.
சிகாமணி அதைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி,
பல்லை உள்ளே இறக்கி,
சிவப்புக் கயிற்றால் ஓரத்தில் கட்டினார்.
ஐஸ் தே கட்டித் தருகிற அதே முடிச்சு.

சிலிம் ரிவர் ஆஸ்பத்திரி வரை
கைக்குட்டையைக் கடித்தபடி
பொட்டலத்தை விரலில் தொங்கவிட்டு வந்தாள்,
கடையில் வாங்கிய சண்டை மீனைக்
கொண்டுபோகிறவள் போல.

இவளுக்கு முதல் பல் விழுந்தபோது
சாணியில் உருட்டித் தகரக் கூரைமேல் எறிந்தோம்.
டக்கென்ற சத்தத்துக்கு அப்படிச் சிரித்தாள்.
அது பால்பல், தூக்கி எறியத்தான்.
இது போன வருஷம் முளைத்தது.
இதற்குப் பின்னால்
வரிசையில் யாரும் நிற்கவில்லை.

சிக்னலில் கார் நின்றது.
ஜன்னல் கண்ணாடியில் மூக்கால் மூச்சுவிட்டு
விரலால் எழுதினாள்: பல்.
இரண்டெழுத்துக்கும் நடுவில்
ஒரு துணைக்காலை நுழைத்தாள்: பால்.
என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
எனக்கு ரோட்டைப் பார்க்க வேண்டியிருந்தது.

டாக்டர் கேட்டது மூன்றே கேள்வி.
விழுந்து எவ்வளவு நேரம்?
பால்பல்லா?
வேரைத் தேய்த்தீர்களா?
ஐம்பது நிமிடம். இல்லை.
இல்லை என்று இரண்டாவது தடவை சொல்லும்போது
என் சட்டை நுனி கண்ணில் பட்டது.

மெல்லிய கம்பி போட்டார். இரண்டு வாரம் கஞ்சி.
பல் பிடிக்கலாம். நிறம் மாறலாம்.
நரம்பைப் பார்க்க வேண்டிவரலாம்.
எல்லாவற்றிலும் ஒரு லாம்.
அந்த லாமை எல்லாம் மடித்துச்
சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு வந்தோம்.
கண்ணாடி முன்னால் நின்று
பல் இருக்கிறதா, இருக்கிறதா என்று
தூங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை குலை ஏற்றி முடித்ததும்
வலையை இழுத்துக் கட்டினேன்.
ஏறி உட்கார்ந்தவன் இறங்கிவந்து
இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தேன்.
முக்கில் அந்தப் பழங்கள்
தாரோடு தாராக நசுங்கிக் கிடந்தன.
முதல் கியர்.
பின்னால் ஒருவன் ஹாரனை அடித்தான்.
அடிக்கட்டும்.